பெட்டியில் பார்த்த நகம், விரலில் வந்த நகம்: ஒரு மணப்பெண்ணின் பிரஸ் ஆன் செட்

வந்த விவரம்

பெண்ணுக்கு வயது 26. சென்னையில் ஐடி வேலை, சொந்த ஊர் திருச்சி. ஞாயிறு மாலை ரிசப்ஷன், திங்கள் காலை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை ராத்திரியே மெஹந்தி வைத்தாகிவிட்டது. ரிசப்ஷனுக்குப் போட ஆன்லைனில் ஒரு பிரஸ் ஆன் நெயில் செட், அதாவது சொந்த நகத்தின் மேல் அப்படியே ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் பிளாஸ்டிக் நகங்கள், வாங்கியிருந்தார். பெட்டிக்குள் 24 நகம். லேசான பால் கலந்த ரோஸ் நிறம், கொஞ்சம் ஊடுருவித் தெரியும் வகை. வடிவம் காஃபின், அதாவது பக்கங்கள் குறுகிக்கொண்டே போய் நுனி மட்டும் நேராக வெட்டியது போல முடியும். மோதிர விரலுக்கு மட்டும் வெள்ளி கிளிட்டர்.

சனிக்கிழமை காலை எழுந்ததும் வீட்டிலேயே பத்து விரலிலும் ஒட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் வேலை செய்யும் பார்லருக்கு வந்துவிட்டார்.

"அக்கா, பெட்டில பார்த்தப்ப எவ்ளோ அழகா இருந்துச்சு. என் கையில போட்டா ஒட்டு நகம்னு பத்தடி தள்ளி நின்னாலே தெரியுது. கலரும் வேற மாதிரி இருக்கு. மாத்தி அனுப்பிட்டாங்களோ?"

அம்மா கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். "இதைக் கழட்டிட்டு மருதாணிக் கையோட நின்னா போதாதா? நீங்களே சொல்லுங்கம்மா."

பெட்டியையும் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாற்றி எதுவும் அனுப்பவில்லை. படத்தில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே மாடல்தான். ஆனால் அந்தப் பெண் சொன்னதிலும் பொய் இல்லை. இந்தக் குறையோடு வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் "என் கை அழகில்ல, அதான் செட்டாகல" என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் குறை கையில் இல்லை. பெட்டி சொல்லாமல் விட்ட இரண்டு மூன்று விஷயங்களில் இருக்கிறது. இந்த ஒரு கையை வைத்து அதை முழுசாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கையில் கண்டது

முதலில் கண்ணில் பட்டது அகலம். பத்தில் எட்டு நகங்கள் இயல்பான நகத்தைத் தாண்டி, இரு பக்கமும் சதை மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. சதை மேல் உட்கார்ந்த பிளாஸ்டிக் ஒட்டாது. விரலை மடக்கும்போதெல்லாம் சதை அதை மேலே தள்ளும். அதனால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு, கீழே மெல்லிய நிழல் விழுந்திருந்தது. பத்தடி தள்ளியும் தெரிகிறது என்று அவர் சொன்னதற்கு அந்த நிழல்தான் காரணம்.

அடுத்தது, நகக்கண் பக்கம். அடிப்பாகத்தில் ஒரு படி போல உயரம் தெரிந்தது. பெட்டிப் படத்தில் நகம் சதைக்குள்ளிருந்து முளைத்து வந்தது போல இருக்கிறது. இங்கே சதைக்கு மேல் ஒரு தட்டை வைத்த மாதிரி முடிந்திருந்தது.

மூன்றாவது, நிறம். படத்தில் இளம் ரோஸாகத் தெரிந்தது கையில் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. அதிலும் ஒரே சீராக இல்லை. ஆள்காட்டி விரலில் உற்றுப் பார்த்தால் மூன்று நிறம்: நகக்கண் அருகே ஆரஞ்சு, நடுவில் வெள்ளி போல மினுங்கும் ஒரு திட்டு, நுனியில் மட்டும் பெட்டியில் பார்த்த அதே ரோஸ்.

நீளத்தைப் பற்றி அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விரல் குட்டையாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அகலம்

இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 12 அளவுகள் வரும், அளவுக்கு இரண்டு. அப்படித்தான் 24. ஒவ்வொரு நகத்தின் உள்பக்கத்திலோ, நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன பிளாஸ்டிக் காம்பிலோ ஒரு எண் பொறித்திருக்கும். 0 என்பது பெரிசு, கட்டை விரலுக்கு. எண் ஏற ஏற நகம் சிறிசாகும். 11 சுண்டு விரலுக்கும் சிறிசாக இருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. தட்டில் அடுக்கியிருக்கும் வரிசையைப் பார்த்து, கண்ணளவில் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். கண்ணளவில் எடுக்கும்போது "இது சின்னதா இருக்குமோ" என்ற பயத்தில் எல்லோருமே ஒரு அளவு பெரிசைத்தான் எடுப்பார்கள்.

இவர் கட்டை விரலுக்கு 0 எடுத்திருந்தார், ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2. ஒட்டியிருந்ததை வெந்நீரில் ஊறவைத்துக் கழற்றிவிட்டு இயல்பான நகத்தை அளந்தேன். அளப்பதற்கு வெர்னியர் எல்லாம் வேண்டாம். செல்லோடேப்பை நகத்தின் குறுக்கே வளைவோடு அழுத்தி ஒட்டி, இரண்டு ஓரத்திலும் மெல்லிய பேனாவால் கோடு போட்டு, டேப்பை எடுத்து ஸ்கேலில் ஒட்டினால் போதும். கட்டை விரல் 13 மில்லிமீட்டர், ஆள்காட்டி 10, நடு 11, மோதிரம் 10, சுண்டு 8. செட்டில் இருந்த நகங்களையும் அதே மாதிரி டேப்பால் மேல்புறத்தில் அளந்தேன். இரண்டையும் ஒரே முறையில் அளப்பது முக்கியம். வளைவோடு அளந்த எண்ணையும் நேர்கோட்டில் அளந்த எண்ணையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். 0 என்பது 14 மில்லிமீட்டர், 1 என்பது 13, 2 என்பது 12, 3 என்பது 11, 4 என்பது 10.5, 5 என்பது 10. ஆக இந்த மூன்று விரலிலும் அவர் போட்டிருந்தது ஒரு மில்லிமீட்டர் அகலம் அதிகம். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 10 மில்லிமீட்டர் நகத்தில் அது பத்தில் ஒரு பங்கு. மூக்குத்தி ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினால் முகத்தில் தெரிகிறதே, அவ்வளவு.

இங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. இவருக்கு ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் ஒரே அளவு, இரண்டுக்கும் 5ஆம் எண்தான். இரண்டு கைக்குமாக 5ஆம் எண் நான்கு வேண்டும். பெட்டியில் இருப்பது இரண்டு. ஆள்காட்டியும் மோதிரமும் ஒரே அளவாக இருப்பது அபூர்வமே இல்லை. ஆனால் 12 அளவு, அளவுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கு, எந்த இரண்டு விரலும் ஒரே அகலம் இல்லாத ஒரு கையை மனதில் வைத்துப் போட்டது. விளம்பரப் படம் எடுப்பவர்களுக்கு இந்தத் தட்டுப்பாடு கிடையாது. எத்தனை பெட்டி வேண்டுமானாலும் பிரித்து, மாடலின் விரலுக்குக் கச்சிதமாக உட்காரும் ஐந்து நகங்களை எடுத்துக்கொள்ளலாம். அந்த மாடலையே நீளமான நகப்படுக்கை (நகத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் சதைப்பகுதி) இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கை மாடல் என்றே தனித் தொழில் இருக்கிறது.

வளைவு வேறு. நகத்தைக் குறுக்கே பார்த்தால் ஒரு வில் போல வளைந்திருக்கும். சிலருக்கு அது ஆழமான வில், சிலருக்கு ஏறக்குறைய தட்டை. பிளாஸ்டிக் நகத்துக்கு அச்சில் வார்த்த ஒரே வளைவு. தட்டையான நகத்தில் வளைந்த பிளாஸ்டிக்கை வைத்தால் நடுவில் காற்று நிற்கும். அழுத்தி ஒட்டினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பவே பார்க்கும். ஆழமாக வளைந்த நகத்தில் நடு ஒட்டிக்கொண்டு ஓரம் தூக்கும். இவருக்குக் கட்டை விரல்கள் தட்டை, மற்றவை நடுத்தரம்.

1954இல் அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், வேலையில் உடைந்துபோன தன் நகத்தைச் சரிசெய்ய அலுமினியத் தகட்டை வார்ப்பாக வைத்து, பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கால் நகம் கட்டிக்கொண்டார் என்பார்கள். இன்றைய அக்ரிலிக் நகத்துக்கு ஆரம்பம் அதுதான். அந்த முறையில் நகம் விரல் மேலேயே உருவாகிறது, அதனால் அளவுப் பிரச்சினை எழவே எழாது. பிரஸ் ஆன் என்பது ரெடிமேட் பிளவுஸ். உடம்புக்கு ஏற்ற சைஸைத் தேடி எடுக்க வேண்டும், எடுத்த பிறகு பக்கத்தில் பிடித்துத் தைக்கவும் வேண்டும். ரெடிமேட் பிளவுஸில் 36, 38 என்று வெளியே போட்டிருக்கும். நகப் பெட்டியில் 0, 1, 2 என்று எண் இருக்கிறதே தவிர அந்த எண்ணுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது பெரும்பாலும் இல்லை. ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 4ஆக இருக்கும்.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் நாட்டில் பொட்டலமிட்ட பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011 முதல் நடைமுறையில் இருக்கின்றன. எண்ணிக்கை, அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம், வருடம் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதே 6ஆம் விதியில் இன்னொன்றும் இருக்கிறது: பொருளின் அளவு வாங்குபவருக்கு முக்கியமானதாக இருந்தால் அளவைக் குறிப்பிட வேண்டும், உள்ளே இருப்பவை வேறு வேறு அளவாக இருந்தால் ஒவ்வொன்றின் அளவையும் குறிப்பிட வேண்டும். ஒட்டு நகத்துக்கு அளவைவிட முக்கியமான வேறு என்ன இருக்கிறது? பெட்டியின் பின்புறம் 12 எண்களையும் 12 மில்லிமீட்டர் அளவுகளையும் அச்சிட இரண்டு விரல் இடம் போதும். இந்தப் பெண்ணின் பெட்டியில் அந்த இடத்தில் பூப்படம் இருந்தது.

நிறம்

அகலம் எல்லோருக்கும் வரும் குறை. நிறத்தில் வந்த குறை பாதிக்கு மேல் நம் ஊர்க் கல்யாணக் கைக்கே உரியது.

பெட்டிக்குள் நகங்கள் வெள்ளை அட்டை மேல் இருக்கின்றன. ஊடுருவித் தெரியும் நகத்தின் வழியாக நாம் பார்ப்பது பாதி அந்த அட்டையின் வெள்ளையை. விரலில் வைத்ததும் அட்டை போய், அதன் இடத்தில் நம் நகம் வருகிறது. நகத்துக்கு அடியில் ரத்த ஓட்டத்தின் ரோஸ், நகக்கண் அருகே பிறை, நுனியில் வெள்ளை விளிம்பு, எல்லாம் மேலே தெரியும். இது யாருக்கும் நடக்கும். இந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் மெஹந்தி. வடிவம் வரைந்தவர் விரல் நுனியைக் குப்பி போட்டது போல முழுக்க நிரப்பிவிட்டிருந்தார், நகத்தோடு சேர்த்து. மருதாணியின் சாயப் பொருளான லாசோன், கெரட்டின் என்ற புரதத்தில் பற்றும். தோலும் கெரட்டின்தான், நகமும் கெரட்டின்தான். தோலில் மேல் அடுக்கு உதிர உதிரச் சாயம் இரண்டு மூன்று வாரத்தில் மங்கிவிடும். நகம் உதிராது, வளர்ந்துதான் வெளியேற வேண்டும். கை விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை நகம் ஆரஞ்சுதான். அந்த ஆரஞ்சு மேல் பால் ரோஸ் பிளாஸ்டிக்கை வைத்தால் என்ன நிறம் வரும் என்று எந்தப் பெட்டியும் சொல்லாது, ஏனென்றால் படத்திலிருக்கும் கைக்கு யாரும் மருதாணி வைத்ததில்லை.

அந்த வெள்ளித் திட்டு எதனால்? காற்றினால். பிளாஸ்டிக்கிலிருந்து காற்றுக்கு ஒளி போகும் இடத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். பிளாஸ்டிக்குக்கும் நகத்துக்கும் நடுவே காற்றுக்குமிழி சிக்கினால் அப்படி இரண்டு இடங்கள் உருவாகின்றன. கீழிருக்கும் நிறம் மங்கி, அந்த இடம் மட்டும் மினுங்கும். பசை நிரம்பிய இடத்தில் பசையும் பிளாஸ்டிக்கும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வளைப்பதால் திருப்பம் மிகக் குறைவு, அடி நிறம் தெளிவாகத் தெரியும். அதனால்தான் ஒரே நகத்தில் ஆரஞ்சும் வெள்ளியும். கெட்டி நிறச் செட்டாக இருந்தால் இவை எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

காற்று ஏன் சிக்கியது என்பதற்கும் மெஹந்தியில் பதில் இருந்தது. சிவப்பு ஏறட்டும் என்று நீலகிரித் தைலம் தேய்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வழக்கம்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் நகத்தில் ஒட்டு ஸ்டிக்கர், அதாவது பிளாஸ்டிக் நகத்தை ஒட்டும் இருபக்கப் பசை ஸ்டிக்கர், பாதி இடத்தில்தான் பிடிக்கும்.

வெளுத்துத் தெரிந்ததற்குக் காரணம் வேறு. ஒரு நிறம் பக்கத்திலிருக்கும் நிறத்தைப் பொறுத்து மாறித் தெரியும். பாரிஸில் கோபெலின் நெசவுக் கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இலேயே இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் அதை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். பட்டுப்புடவைக் கடையில் பார்டரை மாற்றி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். இளம் ரோஸ் வெள்ளைத் தோல் பக்கத்தில் ரோஸாகத் தெரியும். நம் மாநிறத் தோலின் பக்கத்தில், அதிலும் கருஞ்சிவப்பு மெஹந்தியின் பக்கத்தில், அதே ரோஸில் வெள்ளைதான் முன்னே வரும். நியூட், அதாவது தோலோடு ஒன்றிப்போகும் நிறம், என்று பெட்டியில் எழுதியிருப்பது அந்த மாடலின் தோலுக்கு நியூட். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பழுப்பு கலந்த ரோஸ், கேரமல், காய்ந்த ரோஜா இதழ் நிறம் போன்றவைதான் அந்த வேலையைச் செய்யும். இந்த நிறங்கள் சந்தையில் இருக்கின்றன. தேடும்போது முதல் பக்கத்தில் வருவது மட்டும் எப்போதும் அந்த வெளிர் ரோஸ்தான்.

படம்

இதை நீட்டத் தேவையில்லை. காலையில் அந்தப் பெண் தோழிகளுக்கு அனுப்பிய போட்டோவையும் பார்த்தேன். ஃபோனை அரையடியில் வைத்து எடுத்தது. ஃபோனின் சாதாரண கேமரா அகலக் கோண லென்ஸ், பக்கத்தில் இருப்பதைப் பெரிசாக்கும். நுனி பெருத்து, விரல் சுருங்கித் தெரிந்தது. பெட்டிப் படம் தள்ளி நின்று, நீள லென்ஸில், விரல்களை லேசாக மடக்கவைத்து எடுத்தது. அதன் மேல் திருத்தமும் செய்திருப்பார்கள். அழகுப் பொருள் விளம்பரங்களில் இது புதுசு இல்லை. 2007இல் லோரியல் மஸ்காரா விளம்பரத்தில் நடிகை பெனலோப் க்ரூஸுக்கு ஒட்டு இமை முடியும் வைத்திருந்ததை விளம்பரத்தில் சொல்லவில்லை என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் கண்டித்தது. கையைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் கையை முழுசாக நீட்டி, இரண்டு மடங்கு ஜூமில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்துக் காட்டியதும் பாதி பயம் அப்போதே போய்விட்டது.

செய்தது

"வேற செட் வாங்க நேரம் இல்லக்கா, இதையே ஏதாவது பண்ண முடியுமா?" என்றார். முடியும் என்றேன். ரிசப்ஷன் ஒரு மாலைக்கு மட்டும் என்பதால் க்ளூ வேண்டாம், ஒட்டு ஸ்டிக்கரே போதும் என்று முதலில் முடிவு செய்தோம். நெயில் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். வாரக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால்தான் அது. மறுநாள் காலையே கழற்ற வேண்டிய நகத்துக்கு அதைப் போட்டால் கழற்றும்போது நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும். சயனோஅக்ரிலேட் பஞ்சில் அல்லது பருத்தித் துணியில் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும் என்பதையும் வீட்டில் போடுபவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அளவுகளை மறுபடி பிரித்தோம். கட்டை விரல்களுக்கு 1, ஆள்காட்டிக்கு 5, நடுவுக்கு 3, சுண்டுக்கு 9. மோதிர விரலுக்கு வேண்டிய 5 தீர்ந்துவிட்டது. இந்தச் செட்டில் கிளிட்டர் வைத்த நகங்கள் 4, 7 ஆகிய இரண்டு எண்களில்தான் இருந்தன. மோதிர விரலுக்குக் கிளிட்டர் என்று படம் சொல்கிறது, ஆனால் உங்கள் மோதிர விரல் 4 அல்லது 7ஆக இருந்தால்தான் அது நடக்கும். இதையும் பெட்டி சொல்வதில்லை. நல்ல வேளையாக 4க்கும் 5க்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 4ஐ எடுத்து இரு பக்கமும் சமமாக ஃபைல் போட்டுக் குறைத்தேன். ஒரே பக்கம் தேய்த்தால் நகம் கோணலாகப் போகும். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டினால் பெரிசை எடுத்துத் தேய்ப்பது எப்போதும் நல்லது. சிறிசைப் போட்டால் ஓரத்தில் சொந்த நகம் எட்டிப் பார்க்கும், அதை மறைக்க வழியே இல்லை.

நகக்கண் பக்கத்துப் படியை எடுப்பதுதான் பொறுமையான வேலை. நகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்க விளிம்பை உள்பக்கமிருந்து மட்டும் மெல்லிய ஃபைலால் தேய்த்துக் காகித ஓரம் போலாக்க வேண்டும். மேல்பக்கம் ஃபைல் பட்டால் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது. பத்து நகத்துக்கும் செய்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் இதில்தான் வந்தது. ஒன்றை முடித்து விரலில் வைத்துக் காட்டியபோது அவருடைய அம்மாவே குனிந்து பார்த்துவிட்டு "இப்ப நகம் மாதிரி இருக்கு" என்றார்.

கட்டை விரல் நகங்களை இடுக்கியால் பிடித்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் சில விநாடி வைத்து எடுத்து, இருபக்கமும் விரித்துத் தட்டையாக்கிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன். இவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். மெல்லிய நகமாக இருந்தால் அந்தச் சூட்டில் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். முழுக்க மாறாது, ஆனால் நடுவில் நின்ற காற்றுக்கு அது போதும்.

நீளத்தைப் பற்றிச் சின்ன வாக்குவாதம் வந்தது. அவருக்குக் காஃபின் வடிவம் வேண்டும், குறைக்க மனசில்லை. அவருடைய நகப்படுக்கை குட்டை. விரலுக்கு வெளியே நீட்டும் பகுதி நகப்படுக்கையின் நீளத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் கை அளவாகத் தெரியும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. ஒரு விரலில் மட்டும் வெட்டிக் காட்டுகிறேன், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவோம் என்றேன். காட்டியதும் மற்றதையும் வெட்டச் சொன்னார். வெட்டியதில் அச்சுக் காம்பு உடைந்த நுனிச் சொரசொரப்பும் சேர்ந்து போய்விட்டது. நுனியை நேராகவே வைத்து மூலைகளை மட்டும் லேசாக மழுக்கினேன். பந்தியில் இலையில் கைவைத்துச் சாப்பிட வேண்டிய கை அது.

கடைசியாக நிறம். மெஹந்தியில் ஸ்பிரிட் படாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு நகத்தை மட்டும் துடைத்துத் தைலப் பிசுக்கை எடுத்தோம். அதன் மேல் பேஸ் கோட் (பாலிஷுக்கு அடியில் பூசுவது), பிறகு கெட்டியான பழுப்பு ரோஸ் பாலிஷ் மெல்லிசாக இரண்டு கோட். ஆரஞ்சு முழுக்க மறைந்தது. இந்தப் பழுப்பு ரோஸ் மேலே வரும் பால் ரோஸின் வழியாகத் தெரிவதால் வெளுப்பும் அடங்கியது. பாலிஷ் மேல் ஒட்டினால் பிடிப்பு குறையும், பல நாள் நிற்க வேண்டிய நகத்துக்கு இது ஆகாது. ஒரு மாலைக்குப் போதும். பாலிஷ் நன்றாகக் காய்வதற்காக நகத்தை அன்றைக்கே ஒட்டவில்லை. ஞாயிறு மதியம் மேக்கப்புக்கு முன்னால், நகத்தைவிடக் கொஞ்சம் சிறிய ஸ்டிக்கராகப் பார்த்து எடுத்து, நகக்கண் பக்கம் முதலில் வைத்து நுனியை நோக்கிச் சாய்த்து, காற்றைத் தள்ளிக்கொண்டே அழுத்தி, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பிடித்தோம். வெள்ளித் திட்டு எங்கேயும் வரவில்லை.

பிறகு

பெட்டிப் படமும் இந்தக் கையும் அப்போதும் ஒன்றாகவில்லை. நீளம் பாதி, நிறம் ஒரு படி அடர்த்தி, தோல் வேறு, மெஹந்தி வேறு. ஆனால் ஒட்டு நகம் என்று தனியாகத் தெரியவில்லை, கையோடு கையாக இருந்தது. மண்டபத்தின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் மோதிரம் மாற்றும் படம் எடுத்ததை அனுப்பியிருந்தார். அதில் கண் முதலில் போவது மோதிரத்துக்கு, பிறகு மெஹந்திக்கு. நகத்துக்கு அதற்கப்புறம்தான்.

வலது சுண்டு விரல் நகம் சாப்பாட்டின்போது கழன்றுவிட்டது. கைப்பையில் கூடுதல் ஸ்டிக்கர் கொடுத்திருந்ததால் அங்கேயே ஒட்டிக்கொண்டார். வலது ஆள்காட்டி, நடுவிரல் நகங்களின் உள் விளிம்பில் சாம்பார் மஞ்சள் ஏறியிருந்தது. வெளிர் நகத்தில் மஞ்சள் பற்றினால் போகாது, இந்த நிறம் வாங்குபவர்கள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இரவு வீட்டிலேயே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரல் நுனியை மட்டும் கால் மணி நேரம் வைத்து, ஓரத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தள்ளிக் கழற்றியிருக்கிறார். நெம்பி எடுக்கக் கூடாது, நெம்பினால் நகத்தில் வெள்ளை வெள்ளையாகக் காயம் விழும். ஈரம் காயாமல் மறுபடி அதன் மேலேயே நகம் ஒட்டுவதும் கூடாது. அடைபட்ட ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. பாலிஷ் சில விரல்களில் ஸ்டிக்கரோடு உரிந்து வந்துவிட்டதால் மிச்சத்தையும் துடைத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு ஆரஞ்சு நகத்தோடே உட்கார்ந்தார்.

வாங்கிய தளத்தில் அந்தப் பெண் ஒரு மதிப்புரை போட்டார். நான் எழுதச் சொன்னது ஒன்றைத்தான்: 12 எண்களுக்கும் மில்லிமீட்டர் அளவு, கிளிட்டர் வைத்த நகம் எந்தெந்த எண். பெட்டியில் அளவு போடவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லலாம் என்றேன், கல்யாண அலைச்சல் முடிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். மருதாணி ஏறிய நகம் முழுசாக வளர்ந்து வெளியேற ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். மறுவீடு, முதல் தீபாவளி எல்லாம் அதற்குள் வந்துவிடும் என்பதால் அடுத்த செட்டைக் கெட்டி நிறத்தில், மெரூனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.